அப்பளசாமி மகன் வாசர்மன்

என் அப்பாவின் பெயர் வாசர்மன். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த நாளிலிருந்து இந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவள் நான். வாசுதேவனைச் சுருக்கியதா என்பார்கள். மதம் மாறிவிட்டீர்களா என்பார்கள். ஒருமுறை அலோர் ஸ்டார் விமான நிலையத்தில் ஓர் அதிகாரி என் அடையாள அட்டையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்துவிட்டு, "உங்கள் அப்பா ஜெர்மன்காரரா?" என்று மலாயில் கேட்டார். அப்பா என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். ரப்பர் காட்டு வெயிலில் முற்றிய கறுப்பு, நெற்றி நிறையத் திருநீறு, சட்டைப் பையில் சீப்பு. "யெஸ்" என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி.

அப்படிப்பட்டவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

அப்பா பிறந்தது சிடாம் கிரி பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அந்தக் காலத்தில் லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த பெண்கள் மண்ணெண்ணெய் டின்னில் ஆற்றுத் தண்ணீர் சுமந்துதான் குடும்பம் நடத்தினார்கள். ஒரு வறட்சிக் காலத்தில் பினாங்கிலிருந்து ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் வந்தார். பம்பு போட்டார், குழாய் பதித்தார், லயத்துக்கு முன்னால் ஒரு பைப்பு நட்டார். வாசர்மன் துரை என்பார்கள் அவரை. பைப்பைத் திறந்த அன்று தோட்டமே வரிசையில் நின்று தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு ஆடியது. அந்த ஆட்டத்தில் என் பாட்டி, நிறைமாதக்காரி சிகப்பியும் ஆடினாள். வலி எடுத்தது. பைப்படியிலிருந்து தூக்கிப்போய்ப் படுக்கவைத்த கொஞ்ச நேரத்தில் அப்பா வந்துவிட்டார். புருஷன் அப்பளசாமி குலதெய்வத்தின் பெயரை வைக்கலாம் என்றார். சிகப்பி ஒப்பவில்லை. இனிமேல் தண்ணீர் சுமக்க வேண்டாம் என்ற சந்தோஷத்தில் அவள் வைத்த பெயர்தான் வாசர்மன்.

பெயருக்கு ஏற்ற வேலை என்று அப்பாவுக்கு எதுவும் அமையவில்லை. பால்மரம் சீவினார், லோரி ஓட்டினார், இப்போது சுங்கை பட்டாணியில் ஓர் எலெக்ட்ரோனிக் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டுகிறார். அந்த பஸ்ஸின் முன்கண்ணாடியில் கோவில் பெயர் எழுத வேண்டிய இடத்தில், கண்ணைப் பறிக்கும் மஞ்சளில், வாசர்மன் என்று ரோமன் எழுத்தில் ஒட்டியிருந்தார். நான் அதே தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். சிடாம் கிரியிலிருந்து தினமும் அந்த பஸ்ஸில்தான் போகிறேன். எனக்கு எத்தனை மரியாதை என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. மலேசியாவில் நம் பெயருக்குப் பின்னால் 'அனாக் லெலாக்கி' என்று போட்டு அப்பா பெயரை எழுதுவார்கள். இன்னாருடைய மகன் என்று அர்த்தம். பெண்ணென்றால் 'அனாக் பெரம்புவான்'. அதனால் ஒரு மனிதனின் பெயர் பிள்ளைகளோடு சரி. பேரப்பிள்ளை வந்ததும் தாத்தா பெயர் அட்டையை விட்டு இறங்கிவிடும்.

கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து நான் உண்டானேன். வீடே தலைகீழானது. அம்மா நவமணி வேண்டுதல்களை ஒவ்வொன்றாகக் கழிக்கத் தொடங்கினாள். என் கணவர் தயாளன் எண் கணிதப் புத்தகம் வாங்கி வந்தார். அப்பா மட்டும் ஒரே ஒரு கோரிக்கையோடு வந்தார்.

"ஷீலா, ஆம்பளப் புள்ளன்னா வாசர்மன்னு வெச்சிரும்மா."

"பொண்ணா இருந்தா?"

"வாசர்மதி." யோசிக்கவே இல்லை மனிதர்.

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்தாள். "இவ பள்ளிக்கூடத்துல பட்டது பத்தாதா? அந்தப் புள்ளையும் படணுமா? ஒங்களுக்கு வேற வேல இல்லையா?"

"புள்ளைக்குப் பின்னால தயாளன்னுதான வரும், நவமணி? முன்னாலயும் இல்லன்னா என் பேரு எங்க போவும்?" என்றார் அப்பா. விளையாட்டாகச் சொல்லவில்லை. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எனக்கு அந்தப் பெயரென்றாலே எரிச்சல். பேச்சை முடிப்பதற்காக, "அந்தப் பேருல ஒரே ஒரு பெரிய மனுஷனக் காட்டுங்கப்பா. அப்புறம் பார்க்கலாம்" என்றேன். முடியவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

அப்பா கைப்பேசியில் தேடத் தொடங்கினார். மறுநாள் காலை பஸ்ஸில் ஏறும்போதே முகம் ஜொலித்தது. "ஷீலா! ஒலகம் பூரா வாசர்மன் லா! அமெரிக்காவுல சினிமா ஸ்டூடியோவையே ஆண்ட ஒருத்தரு. ஜெர்மனியில பேங்கு நடத்துன வாசர்மன் இருக்காரு. ஆஸ்திரேலியாவுல பல்லு டாக்டரு. தொர எத்தன எடத்துல பம்பு போட்டிருக்காரு பாத்தியா!"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. உலகத்தில் வாசர்மன் என்று யாரெல்லாம் இருக்கிறார்களோ, அவர்கள் எல்லாருக்கும் அந்தத் துரையின் நினைவாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். தப்பு சொல்ல முடியாது. எங்கள் தோட்டத்தில் டாக்டர் பெயரைச் சுமந்தவர்கள் உண்டு, ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பெயரைச் சுமந்தவர்கள் உண்டு. நன்மை செய்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது அங்கே நடப்புத்தான். வெள்ளைக்காரர்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று உண்டென்பது எனக்குத் தெரியும். ஆனால் அது எங்கள் வீட்டு வாசர்மனுக்கும் பொருந்தும் என்று தோன்றவேயில்லை. சீப்பும் திருநீறுமாக நிற்கிற ஒரு மனிதர் எப்படிக் குடும்பப் பெயராக முடியும்?

ஃபேஸ்புக்கில் வாசர்மன்கள் கூடிப் பேசுகிற ஒரு குழு இருந்தது. அப்பா அதில் சேர்ந்தார். பஸ் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் போட்டு, தோட்டத்து இங்கிலீஷில், "நான் வாசர்மன், மலேசியா. உங்களுக்கு எந்தத் தோட்டம்? துரை எந்த வருஷம் பம்பு போட்டார்?" என்று கேட்டார். உள்ளே இருந்தவர்களுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் இதயப் படமும் சிரிப்புப் படமுமாக வந்து குவிந்தன. ஒவ்வோர் இதயத்தையும் 'ஆமாம், எங்களுக்கும் பம்புதான்' என்றே அப்பா எடுத்துக்கொண்டார்.

வளைகாப்பு அன்று கூத்து உச்சிக்குப் போனது. கோவில் மண்டபத்தில் நான் கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கிறேன். புளிசாதம் வாசனை பசியைக் கிளப்புகிறது. அப்பா மைக்கைப் பிடித்துவிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேருல பெரிய மனுஷன் யாருன்னு எம் மக கேட்டுச்சு. கண்டுபுடிச்சிட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறுல, பெர்லின்ல, டாக்டர் வாசர்மன்! ரத்தத்த எடுத்துப் பாத்து வியாதியக் கண்டுபுடிக்கிற டெஸ்ட்டு. அவரு பேருலயே டெஸ்ட்டு!"

"தொர அப்ப பொறந்தே இருக்க மாட்டாரே மாமா?" என்றார் தயாளன்.

"அந்த டாக்டரு பேரத்தான் தொரைக்கு வெச்சிருப்பாங்க மாப்ள!"

கூட்டம் கைதட்டியது. அப்போதுதான் தயாளனின் பெரியம்மா ஜெயமலர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்தேன். அவர் ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

"என்ன பெரியம்மா?"

"ஒண்ணுமில்ல லா. படிக்கும்போது இந்த டெஸ்ட்ட பத்திச் சொல்லிக் குடுத்தாங்க. அது என்ன வியாதிக்குன்னா..." என்று என் காதில் சொன்னார். சிபிலிஸ் என்கிற மேகநோய்க்கு.

நான் ஒரு கத்துக் கத்தினேன். பக்கத்திலிருந்த அத்தை என்னவென்று கேட்டார், அவருக்குப் பக்கத்திலிருந்தவர் கேட்டார், சேதி வரிசை வரிசையாக ஓடிக் கடைசியில் பந்தி பரிமாறுகிறவர்கள் வரை போய்ச் சேர்ந்தது. பெண்கள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டார்கள். அம்மா சந்தனக் கிண்ணத்தை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அப்பாவுக்கும் சேதி எட்டியது. மைக்கை விடவில்லையே மனிதர். "வியாதியக் கண்டுபுடிச்சவருதான, வியாதி வந்தவரு இல்லையே!" என்றார். மண்டபம் இடிந்து விழாதது அந்த மாரியம்மன் புண்ணியம். வயிற்றுக்குள் பிள்ளைகூட உதைத்தது.

இது நடந்த மறுவாரம் அந்தக் குழுவிலிருந்து ஒரு முறையான பதில் வந்தது. எழுதியவர் மிரியம் வாசர்மன், மெல்பர்னில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. நீளமான இங்கிலீஷ். காலையில் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து நான் அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். வாசர்மன் என்பது ஒருவரின் பெயர் அல்ல, குடும்பப் பெயர். ஜெர்மன்காரர்களிடமும் இருக்கிறது, ஐரோப்பாவில் இத்திஷ் என்ற மொழி பேசிய யூதர்களிடமும் இருக்கிறது. வாசர் என்றால் தண்ணீர். ஊர்த் தெருக்களில் தண்ணீர் சுமந்து விற்ற ஆட்களுக்கு அப்படிப் பெயர் வந்திருக்கும். துரையும் அப்படி ஏதோ ஒரு குடும்பத்துப் பிள்ளை.

அப்பா கியரை மாற்றினார். "அப்ப தொரையோட பேரு?"

"அது அவரு குடும்பத்துப் பேருப்பா. அவருக்குன்னு தனியா ஒரு பேரு இருந்திருக்கும்."

"என்ன பேரு?"

"தெரியலப்பா."

தொழிற்சாலை வாசல் வந்தது. பஸ் நிற்கவில்லை. அப்பா நேராகப் பார்த்தபடி ஓட்டிக்கொண்டே போனார். பின்னால் இருந்தவர்கள் பாதிப் பேர் தூக்கம். விழித்திருந்தவர்கள் லீவு கிடைத்ததாக நினைத்து வாயைத் திறக்கவில்லை. செமெலிங் தாண்டி, தஞ்சோங் டாவாய் என்று எழுதிய பலகையைக் கண்டபிறகுதான் யாரோ, "அண்ணே, கடலுக்கா போறோம்?" என்று கத்தினார்கள். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"அடுத்தவங்க வீட்டுக் கதவு நம்பர பேருன்னு வெச்சிக்கிட்டு இத்தன வருஷம் சுத்தியிருக்கேன்" என்றார்.

மறுநாள் பஸ் கண்ணாடியில் மஞ்சள் எழுத்து இல்லை. சுரண்டி எடுத்திருந்தார். பிள்ளைக்குப் பெயர் வைக்கும் பேச்சையும் எடுக்கவில்லை. "நீங்க ரெண்டு பேரும் நல்லதா பாத்து வைங்கம்மா" என்றதோடு சரி. நான் கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அந்த மனிதரைப் பார்க்கவே பொறுக்கவில்லை. நான் கேலி செய்வேன், அது என் பாடு, என் அப்பா பாடு. எங்கோ இருக்கிற தண்ணீர்க்காரக் குடும்பம் எப்படி எங்கள் வாசர்மனைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்? கோபம் கோபமாக வந்தது. அந்தக் கோபத்தோடு மிரியத்துக்கு எழுதினேன். பைப்படி, சிகப்பி, ஆட்டம், வலி, பெயர் எல்லாவற்றையும் எழுதினேன். உங்கள் குடும்பப் பெயரை என் அப்பா வைத்திருப்பது உங்களுக்குத் தவறாகப் படுகிறதா என்று கேட்டேன்.

மிரியம் எழுதியதை முடிந்தவரை அப்படியே தருகிறேன்.

"எங்கள் முன்னோர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாருடைய மகன் இன்னார், அவ்வளவுதான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்தந்த அரசாங்கங்கள் உத்தரவு போட்டன. நிலையான ஒரு பெயர் வேண்டும், பதிந்துகொள் என்றார்கள். சிலர் தேர்ந்தெடுத்தார்கள், சிலர் அதிகாரி எழுதியதை வாங்கிக்கொண்டார்கள். என் குடும்பத்தில் யாரோ ஒருவர் தண்ணீர் சுமந்திருப்பார், அதையே தலையில் கட்டியிருப்பார்கள். பிடித்திருக்கிறதா என்று அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நாங்கள் எல்லாரும் இந்தப் பெயருக்குள் பிறந்தவர்கள். எங்களில் ஒருவருக்குக்கூட ஒரு தாய் சந்தோஷத்தில் இந்தப் பெயரை வைக்கவில்லை. உங்கள் அப்பாவுக்கு மட்டும் வைத்திருக்கிறாள். அவரிடம் சொல்லுங்கள், எங்கள் எல்லாரையும்விட இது அவருடைய பெயர்."

பஸ் கிளம்புவதற்கு முன்னால் அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கேட்டார்.

"மறுபடியும் படி."

படித்தேன்.

"அப்ப அவங்களும் நம்மள மாதிரி அனாக் லெலாக்கியா இருந்தவங்கதானா!" என்றார். அப்புறம் ஹாரனில் கை வைத்தார். எடுக்கவில்லை. சிடாம் கிரியில் தூங்கிக்கொண்டிருந்த கோழியெல்லாம் கூவியது. பின்னால் இருந்தவர்கள் என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார்கள்.

நல்ல சமயம் பார்த்து, "புள்ளைக்கு வாசர்மன்னே வெச்சிரலாம்ப்பா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

அப்பா தலையை ஆட்டினார். "வேணாம்மா. எங்கம்மா அன்னிக்கு சந்தோஷப்பட்டு எனக்கு வெச்சது அது. நான் அதத் தூக்கி ஒம் புள்ள தலையில வெச்சா, அவங்களுக்குப் பேரு எழுதிக் குடுத்த ஆபீசருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நீ சந்தோஷப்படுற அன்னிக்கு ஒனக்கு வர்ற பேர வையி."

அந்த நாளும் சொல்லாமல் கொள்ளாமல்தான் வந்தது. பிரசவ லீவுக்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நம்பிக் காலை பஸ்ஸில் ஏறியிருந்தேன். பாதி வழியில் பனிக்குடம் உடைந்தது. நான் போட்ட சத்தத்தில் அப்பா பிரேக்கை மிதிக்க, மொத்தப் பேரும் முன்னால் வந்து விழுந்தார்கள். அப்போது பின்சீட்டிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். சிர்ஜனா. நேப்பாளத்துக்காரி, எங்கள் பிரிவில்தான் வேலை. அதுவரை நாங்கள் காலை வணக்கத்துக்கு மேல் பேசியதில்லை. ஆண்களை எல்லாம் முன்பக்கம் விரட்டினாள். என்னை நீளச் சீட்டில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தன் சால்வையை விரித்து, இடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "பிரேக் போடாதே, அண்ணே! போய்க்கொண்டே இரு!" என்று மலாயில் அப்பாவை அதட்டினாள். எனக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் தன் ஊர்ப் பாட்டு ஒன்றைத் தப்புத் தப்பாகப் பாடினாள். தப்பு என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், மற்ற நேப்பாளிகள் சிரித்தார்கள். வலியோடு நானும் சிரித்தேன். வலியில் சிரிக்க முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலுக்குள் பஸ்ஸே நுழைந்தது. காவலாளி குறுக்கே ஓடிவந்து, யார் நீ, பஸ்ஸெல்லாம் உள்ளே வரக்கூடாது என்றான். அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வாசர்மன்!" என்று முழங்கினார். என்ன பதவியோ என்று பயந்து அவன் வழிவிட்டான்.

பெண் குழந்தை. வெளியே தொழிற்சாலைச் சட்டை போட்ட அத்தனை பேரும் வேலைக்குப் போகாமல் நின்று கும்மாளம் போட்டதாகத் தயாளன் சொன்னார். எண் கணிதப் புத்தகம் அவர் கையிலேயே இருந்தது. அதைத் திறக்கவிடாமல், "சிர்ஜனா" என்றேன். அவர் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டார்.

அப்பா மட்டும் ஓடிப்போய் முதலில் அந்தப் பெண்ணிடமே விசாரித்திருக்கிறார். இது குடும்பத்துப் பெயரா, உன் சொந்தப் பெயரா என்று. சொந்தப் பெயர்தான், அம்மா வைத்தது என்று அவள் சொன்ன பிறகுதான் சம்மதம் கொடுத்தார். படைப்பு என்று அர்த்தமாம். அவள் அழுதுவிட்டாளாம்.

பெயர் வைக்கிற நாளில் பிள்ளையை அப்பா மடியில் கிடத்தினோம். இவள் சிர்ஜனா, தயாளன் மகள். வாசர்மன் என்ற பெயர் என்னோடு முடிகிறது. வாழ்நாளெல்லாம் எனக்கு எரிச்சல் தந்த பெயர், முடியப்போகிறது என்றதும் விட மனம் வரவில்லை. அப்பா குனிந்து, பெரியவர்கள் சொன்னபடி, பிள்ளையின் காதில் மூன்று தரம் 'சிர்ஜனா' என்று சொன்னார். நிமிரவில்லை. முறைக்கு அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் இல்லை. ஆனால் அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

"நான் வாசர்மன். ஒன் தாத்தா" என்று அவள் காதில் சொன்னார்.